குற்றம் தட்டிலா, வடத்திலா?

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாமாண்டு மாணவன்

கணிப்பொறியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் கணிப்பொறித் துறை மாணவன் அல்லன். ஆனால் ஒரு தட்டையும் ஒரு வடத்தையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் உறக்கமின்றித் திரிந்தவன். அந்த அனுபவமே என் தகுதி. எழுத்தில் குற்றம் இருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்து வேலைக்குப் போகிறார். அம்மா எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவின் பிரதிநிதி. அந்தக் குழுவில் 12,000 ரூபாய் கடன் எடுத்து, சென்ற ஆண்டு ஆவணி மாதம் எனக்கு ஒரு பழைய கணிப்பொறி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த மறுநாளே குழுவைச் சேர்ந்த 14 பெண்களும் வந்து பார்த்தார்கள். "படிச்ச பிள்ளை வீட்டுல இருக்கு, இனிமே நம்ம கணக்கையும் இதுலயே எழுதிப்புடலாம்" என்று ஓர் அக்கா சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதத் தொடங்கினேன். இரண்டு மாதம் கழித்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தச் சொன்னவனே நான்தான்.

தை மாதத்தில் கணிப்பொறி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. ஒரு கோப்பைத் திறந்தால் அரை நிமிடம் உறைந்து நிற்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். பாட்டுகளைப் பிரதி எடுத்தால் பாதியில் நின்றுவிடும். சில நாள் நன்றாகவே இருக்கும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், இயங்குவதற்கான தட்டே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. மறுநாள் குழுக் கூட்டம்.

பெட்டியைச் சைக்கிளில் வைத்துக் கட்டி, பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ஹார்டு டிஸ்க் போச்சு தம்பி. புதுசு போட்டா கூலியோட 2,800 ஆவும். உள்ள இருக்கிறதெல்லாம் வராது" என்றார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பத்துப் பெட்டி வரிசையில் இருக்கும்போது பதினொன்றாவது பெட்டியை யார்தான் திறந்து பார்ப்பார்கள்? ஆனால் வீட்டில் அம்மா சொன்ன ஒரு வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. "காசு கெடக்கட்டும்டா. நாலு மாசக் கணக்கு எங்கன்னு நாளைக்குக் கேட்டா, நான் என்ன பதில் சொல்லுவேன்?"

குழுப் பணத்தில் ஒரு ரூபாய் பிசகினாலும் தெருவில் என்ன பேசுவார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஹார்டு டிஸ்க்கை வன்தட்டு என்று எழுதுகிறார்கள். நான் சுருக்கமாகத் தட்டு என்றும், அதைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் கேபிளை வடம் என்றும் எழுதுகிறேன்.

தட்டு என்பது ஒரு மூடிய உலோகப் பெட்டி. அதற்குள் காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகள் சுழல்கின்றன. மேசைக் கணிப்பொறியில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120. தகட்டின் விளிம்பில் நிற்கும் ஒரு புள்ளி மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுதிப் படிக்கும் முனை அந்தத் தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின்மேல் மிதக்கிறது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. அத்தனையிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துக்களே கொள்ளும். உள்ளங்கையில் அடங்கும் என் பழைய 500 கிகாபைட் தட்டு அதைப்போல் லட்சம் மடங்கு கொள்கிறது. இவ்வளவு நுட்பமான பொருள் கெட்டுப்போவதில் வியப்பில்லை. அதனால்தான் எது நடந்தாலும் பழியைத் தட்டின்மேல் போட்டுவிடுகிறோம்.

வடத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. அது வெறும் கம்பிதானே என்ற நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை தட்டைக் கழற்றி, தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். (சனிக்கிழமைக் கூட்டத்தில் எனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொல்லிவிட்டார். வாழ்நாளில் அம்மா சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது.) கணிப்பொறி ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் பையைத் திறந்ததும் முதலில் திட்டினார். "இயற்பியல் படிக்கிறவன் துணியிலயா சுத்திக்கிட்டு வருவே? நிலைமின்சாரம்னு ஒண்ணு இருக்குல்ல?" தொடுவதற்கு முன் பெட்டியின் உலோகச் சட்டத்தை ஒரு முறை தொட்டுக்கொள்ள வேண்டும் என்றும், இத்தகைய பாகங்களைப் போட்டுத் தரும் பளபளப்பான உறையை எறிந்துவிடக் கூடாது என்றும் அன்று கற்றேன்.

பிறகு அவர் என் தட்டை ஆய்வுக்கூடக் கணிப்பொறியில், அந்தக் கணிப்பொறியின் வடத்தைக் கொண்டே இணைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோப்புகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. குழுக் கணக்கும் இருந்தது. நான் மகிழ்ச்சியில் பேசத் தொடங்கும் முன்னரே அவர் அதை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துவிட்டார். "மொதல்ல பிரதி. ஆராய்ச்சி அப்புறம்" என்றார். இந்தச் சொல்லை நான் பிறகு மறந்தேன். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

தட்டு எழுதும் நாட்குறிப்பு

ஒவ்வொரு தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இந்தக் குறிப்பைப் படிக்கலாம்; லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை உண்டு. எண்ணிட்ட நீண்ட பட்டியல் ஒன்று வரும். அத்தனையும் நமக்கு வேண்டியதில்லை. நான்கு வரி போதும்.

05 என்ற வரி, கெட்டுப்போய் உபரி இடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பகுதிகள். சி6, சோதித்தும் மீட்க முடியாதவை. இந்த மூன்றும் தகட்டைப் பற்றியவை. நான்காவதான சி7 மட்டும் தகட்டைப் பற்றியதே அல்ல. வடத்தின் வழியே வந்த செய்தி எத்தனை முறை சிதைந்து வந்தது என்ற கணக்கு அது.

என் தட்டில் 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம். சி7க்கு நேராக 2சி8 என்று இருந்தது. மென்பொருள் இதைப் பதினாறடிமானத்தில் காட்டுகிறது. மின்னணுவியல் தாளில் படித்தது அன்று உதவியது. 2 முறை 256, 12 முறை 16, அதனோடு 8. ஆக 712. "தட்டுல ஒரு கொறையும் இல்ல தம்பி. வழியிலதான் கொறை" என்றார் அண்ணன்.

செய்தி சிதைந்தது என்பது தட்டுக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்கு உண்மையான ஆர்வம் பிறந்தது. அடுத்த ஊரில் இருக்கும் மாமாவுக்கு ஒரு பையன் மூலம் 4731 என்ற எண்ணைச் சொல்லி அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பையன் வழியில் மறந்துவிடலாம். எனவே, அந்த எண்ணை 9ஆல் வகுத்தால் வரும் மீதியையும் சேர்த்து அனுப்புகிறோம். 4731க்கு மீதி 6. பையன் போய் 4781 என்று சொன்னால், மாமா வகுத்துப் பார்ப்பார். மீதி 2 வரும். ஆறும் இரண்டும் ஒத்துப்போகவில்லையே! "திரும்பப் போய்க் கேட்டுட்டு வாடா" என்பார். தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே நடப்பதும் இதுவே. பையன் இலக்கங்களை இடம் மாற்றி 4713 என்றால் ஒன்பதின் முறை ஏமாந்துபோகும். ஆகையால் கணிப்பொறியில் இதைவிட வலுவான வகுத்தல் முறை பயன்படுகிறது. சாட்டா வடத்தில் ஒவ்வொரு செய்திக் கட்டோடும் 32 பிட் அளவுள்ள மீதி ஒன்று சேர்ந்து போகிறது. ஒத்துப்போகாத ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டு ஒதுக்கப்பட்டு, வேலை மறுபடியும் நடக்கிறது. என் கணிப்பொறி அரை நிமிடம் உறைந்து நின்றதன் இரகசியம் இதுதான். அது செத்துக்கொண்டிருக்கவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. சிதைவு மிகுந்தால் வேகத்தையும் அதுவாகவே குறைத்துக்கொள்ளும். கடைசியில் தொடர்பே அற்றுப்போனால் தட்டே இல்லை என்ற அறிவிப்பு வரும்.

தகட்டின்மேல் எழுதியது சரியா என்று பார்க்கத் தட்டுக்குள் வேறொரு காவல் இருக்கிறது. வழியில் ஒரு காவல், வீட்டில் ஒரு காவல். எந்தக் காவலாளி கூச்சலிட்டான் என்று கேட்டாலே திருடன் எங்கே புகுந்தான் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வெறும் கம்பியா?

வடம் வெறும் கம்பி என்று எண்ணியவனுக்கு இது. ஆய்வுக்கூட அலமாரியில் பழங்காலத்து அகன்ற நாடா வடம் ஒன்று இருக்கிறது. அதன் முனையில் 40 ஊசிகளுக்கே இடம், கம்பிகளோ 80! வேகம் கூடியபோது பக்கத்துக் கம்பியின் செய்தி இந்தக் கம்பியில் கலந்துவிட்டது. எனவே இரண்டு கம்பிக்கு நடுவே பூமியோடு இணைந்த ஒரு கம்பியை வேலிபோல் வைத்தார்கள். நீளமும் 18 அங்குலத்துக்கு மேல் கூடாது. 2003 முதல் கடைக்கு வந்த சாட்டா வடத்தில் ஏழே கம்பிகள். மூன்று பூமிக் கம்பி. மீதி நான்கும் இரண்டு ஜோடி. போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி. ஜோடியின் இரு கம்பிகளிலும் எதிரெதிரான மின்னழுத்தம் போகும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்கும். வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை!

இதன் வேகம் விநாடிக்கு 600 கோடி பிட் வரை. அப்படியானால் ஒரு பிட் வாழும் நேரம் ஒரு நானோவிநாடியில் ஆறில் ஒரு பங்கு. வெற்றிடத்தில் ஒளியே அதற்குள் 5 சென்டிமீட்டர்தான் போகும். கம்பியில் இன்னும் குறைவு. எனவே அரை மீட்டர் வடத்துக்குள் எந்நேரமும் பத்துக்கு மேற்பட்ட பிட்டுகள் தேரோட்டத்தில் வரும் ஆட்களைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. வடத்தை நறுக்கென்று மடித்தாலோ, முனை சற்றே தளர்ந்தாலோ, அந்த இடத்தில் மின்தடுப்பு மாறுகிறது. அலையின் ஒரு பகுதி திரும்பி வந்து பின்னால் வரும் பிட்டின்மேல் மோதுகிறது. கயிற்றில் அனுப்பிய துடிப்பு முடிச்சில் பட்டுத் திரும்புவதை நாம் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே கதைதான்.

என் வடத்துக்கு என்ன நேர்ந்தது என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். விற்றவர் அதை நான்காக மடித்து மின்கம்பிகளோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டிருந்தார். முனையில் இருக்க வேண்டிய உலோகக் கொக்கி இல்லை. இது போதாதென்று, எங்கள் வீட்டில் மழை வந்தால் கூரை ஒழுகும். ஒவ்வொரு மழைக்கும் பெட்டியைத் தூக்கி மூலைக்கு மூலை மாற்றுவோம். ஒவ்வொரு தூக்கலுக்கும் முனை ஓர் இழை வெளியே வந்திருக்கிறது. கொக்கியுள்ள புது வடம் 60 ரூபாய். மாட்டியதும் பழையபடி ஓடியது. மறுநாள் சி7ஐப் பார்த்தேன், அதே 712. சரியாகவில்லையோ என்று பதறிப்போய் அண்ணனிடம் ஓடினேன். அவர் சிரித்தார். அந்த எண் ஒருபோதும் குறையாதாம், கல்வெட்டுப்போல் நிற்குமாம். கூடாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரிய எண்ணைக் கண்டு அஞ்சுவதும் தவறு. நின்றுவிட்ட எண்ணைக் கண்டு அஞ்சுவதும் தவறு. சீகேட் தட்டுகளில் 01, 07 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும். அது பிழைகளின் நேரடி எண்ணிக்கை அல்ல. அதைப் பார்த்து நல்ல தட்டை எறிந்துவிடக் கூடாது.

வடத்தை மாற்றியும் சி7 கூடிக்கொண்டே போனால், தாய்ப்பலகையில் வேறொரு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். மின்சாரம் தரும் அகன்ற முனையையும் மறக்கலாகாது. தட்டுக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டும்; நூற்றுக்கு 5 பங்கு ஏற்ற இறக்கமே பொறுக்கும். 12 வோல்ட் 11.4க்குக் கீழே இறங்கினால் தட்டு சுழற்சி தடுமாறி நின்று மறுபடி கிளம்பும். அப்போது சி0 என்ற வரியில் எண் ஏறும். பழைய நான்கு ஊசி முனையைப் புதிய முனையாக மாற்றித் தரும் மலிவான இணைப்பு இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் ஈவென்ட் வியூயர் என்ற பதிவேடும் சாட்சி சொல்லும். 7 என்ற எண்ணோடு வந்தால் தகட்டில் கெட்ட பகுதி. 129 என்று வந்தால் தட்டு பதில் சொல்லாமல் இணைப்பைப் புதுப்பிக்க நேர்ந்திருக்கிறது, எனவே வடத்தையும் மின் இணைப்பையும் பார்க்கலாம். மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் வடமே கிடையாது, தட்டு நேராகப் பலகையில் செருகப்பட்டிருக்கும். இப்போது வரும் மெல்லிய எம்.2 வகைக்கும் வடமில்லை. நம்மைப்போல் பழையது வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தப் பாடம்.

இத்துடன் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். முடிக்க மனம் ஒப்பவில்லை.

என் கணிப்பொறி பிழைத்த செய்தி வகுப்பில் பரவியது. வடம் மாற்றி இரண்டு பேருக்குச் சரிசெய்து கொடுத்தேன். "கேபிள் டாக்டர்" என்று பட்டப்பெயரும் கிடைத்தது. சித்திரையில் என் நண்பனின் அண்ணன் கூப்பிட்டார். விசேஷ வீடுகளில் படம் எடுப்பவர். அவர் கணிப்பொறியும் உறைந்து உறைந்து நின்றது. நான் குறிப்பைத் திறந்து பார்க்கவே இல்லை. பார்த்த மாத்திரத்தில் "வடம்தான் அண்ணே" என்றேன். புது வடம் போட்டேன். சரியாகவில்லை. வேறு துளையில் செருகினேன். சரியாகவில்லை. உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஓர் ஓசை வந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. கெட்ட பகுதிகளைச் சீர்செய்யும் செக்டிஸ்க் கட்டளையைக் கொடுத்து இரவு முழுவதும் ஓடவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். காலையில் அந்தத் தட்டு எந்தக் கணிப்பொறியிலும் தெரியவில்லை.

ஆய்வுக்கூட அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "சி5 எவ்வளவு இருந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. தகடு நோயுற்றிருக்கும்போது ஒவ்வொரு நிமிட ஓட்டமும் அதன் ஆயுளைத் தின்கிறது. செக்டிஸ்க் தட்டின் மூலை முடுக்கெல்லாம் முனையை அலைய வைக்கும்; படிக்க முடிந்ததைக் காப்பாற்றுவது அதன் வேலையல்ல. செய்ய வேண்டியது வேறு. உடனே அணைத்துவிட்டு, லினக்ஸ் உள்ள பென்டிரைவில் கிளப்பி, டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் நல்ல பகுதிகளை முதலில் வேறொரு தட்டுக்கு வழித்தெடுக்க வேண்டும். கெட்ட பகுதிகளைக் கடைசியில்தான் தொட வேண்டும். டிக் ஓசை வந்துவிட்டாலோ அதுவும் கூடாது. மின்சாரமே கொடுக்காமல் தகவல் மீட்பு தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் பிழைக்கும் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஈரம் படிந்து இருப்பதும் போகும். நல்லவேளையாக அந்தப் பாவத்தை மட்டும் செய்யவில்லை.

இரண்டு திருமணங்களும் ஒரு காதுகுத்தும் அந்தத் தட்டில் இருந்தன. திருமணப் படங்கள் ஆல்பத்துக்கு முன்பே போய்விட்டன. காதுகுத்து வீட்டாருக்குக் கொடுக்க ஒரு படமும் இல்லை. வாங்கிய முன்பணத்தை அந்த அண்ணன் திருப்பிக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "நீ நல்லதுக்குத்தானேப்பா செஞ்சே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதன்பிறகு யார் கூப்பிட்டாலும் ஒரு காலித் தட்டை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். பெட்டியைத் திறப்பதற்கு முன் காதை வைத்துக் கேட்கிறேன். தட்டு தெரிந்தால் பிரதி, அதன்பிறகு நான்கு வரி, அதன்பிறகே திருப்புளி. இரண்டு முறை வடமாக இருந்தது, ஒரு முறை தகடு. தகடாக இருந்த அன்று படங்கள் எல்லாம் வந்துவிட்டன. நாற்பதோ ஐம்பதோ மட்டும் போயின.

அம்மாவின் குழு மீண்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறது. அதைப் பார்த்து நான் கணிப்பொறியில் ஏற்றுகிறேன். மாதக் கடைசியில் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து அம்மாவின் தகரப் பெட்டிக்குள் வைக்கிறேன். கூரையை இன்னும் மாற்றவில்லை. நேற்று இரவு மழைக்குப் பெட்டியை இரண்டு முறை தூக்கி வைத்தோம். காலையில் எழுந்ததும் சி7ஐப் பார்த்தேன். 712.